வீட்டிலிருந்த ரொக்கத்தைப் போலீஸ் எடுத்துப் போனால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நம் ஊர்ச் செய்தித்தாள்களில் போலீஸ் பணத்தை எடுத்தாலே 'பறிமுதல்' என்று போட்டுவிடுவார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று கைப்பற்றுதல்: பணத்தைப் போலீஸ் தன் காவலுக்கு எடுத்துக்கொள்வது. மற்றொன்று 'ஃபார்ஃபீச்சர்': அந்தப் பணத்தின்மேல் உங்களுக்கு இருக்கும் உரிமையே அரசுக்கு மாறிவிடுவது. முதலாவது நடந்த அன்றைக்கே இரண்டாவது நடந்துவிடாது. நடுவில் சில வாரங்கள் இருக்கும். பணம் திரும்பி வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில் முடிவாகிறது. நீதிபதி முன்னால் நின்று தோற்பவர்களைவிட, வந்த கடிதத்துக்கு நாள் தவறாமல் பதில் போடாமல் இழப்பவர்கள்தான் அதிகம்.

சிவில் ஃபார்ஃபீச்சரில் வழக்கு உங்கள்மேல் இல்லை, பணத்தின்மேல். வழக்கின் பெயரே அப்படித்தான் இருக்கும். 8வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கின் பெயர் 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் 1,24,700 டாலர்'. வாடகைக் காரில், ஒரு குளிர்பெட்டிக்குள் அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்த பணம் அது. காரில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் பணம் அரசுக்கே போனது. வண்டியை நிறுத்திய அதிகாரி கேட்டபோது 'பெரிய தொகை எதுவும் இல்லை' என்று ஓட்டி வந்தவர் முதலில் சொன்ன பொய்யையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'என்மேல் கேஸே போடவில்லை, பணத்தைத் தானாகக் கொடுத்துவிடுவார்கள்' என்று காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

வீட்டில் ரொக்கம் வைத்திருப்பது குற்றமல்ல, அதற்கு உச்சவரம்பும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் செய்யும் காரியங்கள்தான் வினையாகின்றன. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அறிக்கை அனுப்பும் என்று கேள்விப்பட்டு, 9,000, 8,500 என்று பிரித்துப் பிரித்துக் கட்டுபவர்கள் உண்டு. அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காகப் பிரித்துக் கட்டுவதே தனிக் குற்றம், பணம் நேர்மையாகச் சம்பாதித்ததாகவே இருந்தாலும். மொத்தமாகக் கட்டுங்கள். வங்கி அறிக்கை அனுப்பினால் அனுப்பட்டும்.

வாசலில் நிற்கும்போது

போலீஸ் கதவைத் தட்டினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாரன்ட் இருக்கிறதா என்பது. இருந்தால் தடுக்காதீர்கள், வழியை மறிக்காதீர்கள், முகவரி சரியா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், 'நான் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை' என்று தெளிவாக, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். மரியாதைக்காக 'உள்ளே வாங்க' என்று கதவை அகலத் திறப்பது நம் பழக்கம். இங்கே அதையே சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியும்.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்துதான் அபார்ட்மென்ட் எடுப்பார்கள். அங்கே சிக்கல் கொஞ்சம் கூடுதல். ஒருவர் சம்மதித்து, அதே இடத்தில் நிற்கும் இன்னொருவர் மறுத்தால், மறுப்பவருக்கு எதிராக அந்தச் சோதனை செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுத்தவரைச் சட்டப்படி கைதுசெய்து அழைத்துப் போன பிறகு, வீட்டில் மிச்சமிருப்பவர் கொடுக்கும் சம்மதம் செல்லும் என்று 2014இல் சொல்லிவிட்டது. ஆகவே வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருப்பது நல்லது. வீட்டை வாடகைக்கு விட்ட உரிமையாளர் உங்கள் சார்பில் சம்மதம் கொடுக்க முடியாது. அது 1961லேயே முடிந்த விஷயம்.

பிறகு கேள்விகள் வரும். 'இது யாருடைய பணம்? எவ்வளவு? எங்கிருந்து வந்தது?' பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை' என்று சொன்னால் போதும். பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டாட்சி (ஃபெடரல்) அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம். அதைவிடக் கேடு 'எனக்குத் தெரியாது, அது என்னுடையது இல்லை' என்ற வாக்கியம். அந்த நேரப் பதற்றத்தில் சொன்னதை அதிகாரி எழுதிக்கொள்வார். பிறகு நீங்கள் 'என் பணம்' என்று வந்து நின்றால், கேட்கும் தகுதியே உங்களுக்கு இல்லை என்று அதையே காட்டுவார்கள்.

சில இடங்களில் ஒரு தாளை நீட்டி, 'இந்தப் பணத்தின்மேல் எனக்கு உரிமை இல்லை' என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். போட்டால் விட்டுவிடுவோம் என்று சொன்னாலும் போடாதீர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் அதிகாரிகள் இப்படி ஒரு கையெழுத்தைக் கேட்பதையே சட்டம் தடுத்திருக்கிறது. அந்த அளவுக்கு இது நடந்திருக்கிறது என்று பொருள்.

ரசீது

வாரன்டோடு வந்த கூட்டாட்சி அதிகாரிகள் எடுத்த பொருளுக்கு ரசீது கொடுத்தாக வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றாலும் வாரன்டின் நகலையும் ரசீதையும் வைத்துவிட்டுப் போக வேண்டும். ரொக்கத்தைப் பல சமயம் அங்கேயே எண்ண மாட்டார்கள். உறையில் போட்டு முத்திரையிட்டு, பின்னால் இயந்திரத்தில் எண்ணுவார்கள். அதனால் ரசீதில் தொகைக்குப் பதிலாக 'அளவு நிர்ணயிக்கப்படாத அமெரிக்கப் பணம்' என்று இருக்கலாம். உங்கள் கண்ணெதிரே முத்திரையிடச் சொல்லிக் கேளுங்கள். அதிகாரியின் பெயர், பேட்ஜ் எண், எந்தத் துறை, வழக்கு எண் இந்த நான்கும் கையில் இருக்க வேண்டும். அவர்கள் போன உடனே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த அறையில், எந்தப் பெட்டியில், எத்தனை 100 டாலர் நோட்டு, எத்தனை 20 டாலர் நோட்டு. நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் எண்ணிக்கை மறந்துபோகும். இந்தத் தாளை வக்கீலுக்கு மட்டும் கொடுங்கள்.

நகையும் இதில் சேரும். நம் வீடுகளில் ரொக்கத்தைவிட நகையே அதிகமாக இருக்கும். வளையல் எத்தனை, சங்கிலி எத்தனை, எடை என்ன என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 'மஞ்சள் உலோக நகைகள், ஒரு பை' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் பிறகு வாதாடுவது கடினம்.

பணம் யார் கையில் இருக்கிறது

இதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. மூன்று சாத்தியங்கள் உண்டு.

பணம் ஒரு குற்ற வழக்கின் சாட்சியப் பொருளாக மட்டும் இருக்கலாம். அப்படியானால் அந்த வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில்தான் திரும்பக் கேட்க வேண்டும். கூட்டாட்சி நீதிமன்றத்தில் இதற்குக் குற்ற நடைமுறை விதி 41(ஜி) மனு என்று பெயர்.

அல்லது மாநிலச் சட்டப்படி மாவட்ட அரசு வக்கீல் ஃபார்ஃபீச்சர் வழக்கு தொடுக்கலாம். இதில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் அதிகம். நியூ மெக்சிகோ 2015இலும், நெப்ராஸ்கா 2016இலும், மெய்ன் 2021இலும் சிவில் முறையையே எடுத்துவிட்டன. டெக்சாஸில் கைப்பற்றிய 30 நாளுக்குள் அரசு வழக்குப் போட வேண்டும். நீங்கள் நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில், அறிவிப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் எம்சி-200 என்ற படிவத்தை சுப்பீரியர் கோர்ட்டில் தாக்கல் செய்து, அதன் நகலை அரசு வக்கீலுக்கும் சேர்ப்பிக்க வேண்டும். அங்கே போதைப்பொருள் தொடர்பான ஃபார்ஃபீச்சரில், 40,000 டாலர் வரையிலான ரொக்கத்துக்குக் குற்றத் தீர்ப்பு தேவை என்று 2016இல் ஒரு திருத்தம் வந்தது.

மூன்றாவது சாத்தியத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடுத்தது உள்ளூர் போலீசாக இருக்கும், கடிதம் வருவதோ டிஇஏ (போதைப்பொருள் தடுப்புத் துறை) போன்ற கூட்டாட்சித் துறையிலிருந்து. உள்ளூர்ப் போலீஸ் கைப்பற்றியதைக் கூட்டாட்சித் துறை 'தத்தெடுக்கலாம்'. அப்படித் தத்தெடுத்த பணம் ஃபார்ஃபீச்சரானால் 80 சதவீதம் வரை உள்ளூர்ப் போலீசுக்கே பங்காகத் திரும்பிப் போகும். மாநிலச் சட்டம் போலீசுக்குக் கடுமையாக இருந்தாலும் பணம் இந்த வழியாக நழுவ முடிவது அதனால்தான். உள்ளூர் ஸ்டேஷனுக்கு வாரம் இரண்டு தடவை போய் நின்றுகொண்டிருப்பவர் கூட்டாட்சிக் கடிதத்தின் கெடுவைத் தவறவிடுகிறார்.

கடிதமும் கெடுவும்

இனி சொல்வது கூட்டாட்சி முறை. இதன் விதிகள் 2000ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தில் இருக்கின்றன.

கூட்டாட்சி அதிகாரிகளே எடுத்திருந்தால் 60 நாளுக்குள், உள்ளூர்ப் போலீஸ் எடுத்து ஒப்படைத்திருந்தால் 90 நாளுக்குள் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். வீடு மாறினால் முகவரி மாற்றத்தை அஞ்சல் துறையிடம் உடனே பதிவுசெய்யுங்கள். சான்றஞ்சல் சீட்டு கதவில் ஒட்டியிருந்தால் அன்றைக்கே போய் வாங்குங்கள். 'வாங்கவில்லையென்றால் வழக்கு வராது' என்று நண்பர்கள் சொல்வார்கள். கெடு அதற்காக நிற்காது. கடிதம் வரவில்லையென்றால் ஃபார்ஃபீச்சர்.காவ் (forfeiture.gov) என்ற அரசுத் தளத்தில் வெளியாகும் அறிவிப்புகளில் உங்கள் ஊரையும் தொகையையும் வைத்து வாரம் ஒருமுறை தேடுங்கள்.

கடிதத்தில் கடைசி நாள் அச்சிட்டிருக்கும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் தருவார்கள். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இன்னொன்று: அந்த நாளுக்குள் உங்கள் தாள் அவர்கள் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நாளில் தபாலில் போட்டால் போதாது. குறைந்தது ஒரு வாரம் முன்பே, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் முறையில் அனுப்புங்கள். கடிதம் இணையவழியை அனுமதித்தால் அப்படியே தாக்கல் செய்து, உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இரண்டு வழி காட்டும். ஒன்று 'கிளெய்ம்', மற்றொன்று 'பெட்டிஷன்'. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. கிளெய்ம் என்றால் 'இது என் பணம், நீதிமன்றத்தில் நிரூபியுங்கள்' என்று அரசைப் பார்த்துச் சொல்வது. பெட்டிஷன் என்றால் ஃபார்ஃபீச்சரை ஏற்றுக்கொண்டு 'கருணை காட்டுங்கள்' என்று கேட்பது. பணத்தை எடுத்த நிர்வாகத் தரப்பே அதை முடிவுசெய்யும், நீதிபதி பார்க்க மாட்டார். படிவம் எளிதாக இருக்கிறதே என்று பெட்டிஷனை மட்டும் அனுப்புவதுதான் மிகப் பெரிய பிழை. பணம் உங்களுடையது, வந்த வழி சுத்தமானது என்றால் கிளெய்ம் போடுங்கள்.

கிளெய்மில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். மூன்று விஷயங்கள் கட்டாயம்: எந்தப் பணம் (கடிதத்தில் உள்ள சொத்து அடையாள எண், தொகை, எடுத்த நாள், இடம்), அதில் உங்களுக்கு என்ன உரிமை, பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறேன் என்ற உறுதிமொழி. கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். வக்கீல் உங்களுக்காகப் போட்டால் கிளெய்ம் செல்லாது. நோட்டரி தேவையில்லை. இதற்காகப் பிணையாகப் பணம் கட்ட வேண்டியதும் இல்லை. அந்த நேரத்தில் ஊருக்குப் போயிருந்து அங்கிருந்தே கையெழுத்திட்டால், 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின்படி' என்ற சொற்களை உறுதிமொழியில் சேர்க்க வேண்டும். சிறிய விஷயம்தான், பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணவன், மனைவி, அறைத் தோழர் என்று பணத்தில் பங்குள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் போட்டால், மற்றவர்களின் பங்கு கேட்பாரற்றதாகிவிடும்.

சீட்டுப் பணத்தில் இது இன்னும் நுணுக்கமானது. வேறொருவர் பணத்தை வைத்திருந்தவர் கேட்கும்போது, அது யாருடையது என்று பெயரைச் சொல்லி, தனக்கும் அதில் நியாயமான உரிமை இருப்பதைக் காட்ட வேண்டும். சட்டம் 'உரிமையாளர்' என்பதற்கு அப்படித்தான் பொருள் சொல்கிறது. வெறுமனே 'எனக்கு வர வேண்டிய கடன்' என்று சொல்பவர் உரிமையாளர் ஆக மாட்டார். அதனால் சீட்டு நடத்துபவர் பெயர், மாதம், கட்டிய தொகை, கையெழுத்து உள்ள நோட்டை வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் பட்டியல் மட்டும் பலவீனமான ஆதாரம்.

கிளெய்மில் கதை எழுதாதீர்கள். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் சத்தியப் பிரமாணம். குற்ற வழக்கு வந்தால் உங்களுக்கு எதிராகவே பயன்படும். அடிப்படையற்ற கிளெய்ம் என்று நீதிமன்றம் முடிவுசெய்தால், சொத்து மதிப்பில் 10 சதவீதம் அபராதம் விதிக்கலாம். குறைந்தது 250, அதிகம் 5,000 டாலர்.

இங்கே விசாவில் இருப்பவர்கள் நிற்க வேண்டும். பணத்தில் ஒரு பகுதி வேலை அனுமதி இல்லாமல் ரொக்கமாகச் சம்பாதித்தது என்றாலோ, வரிக் கணக்கில் காட்டாதது என்றாலோ, கையெழுத்திடும் முன் வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குடியேற்ற வக்கீலும் அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். 6,000 டாலரை மீட்கப் போய் எச்-1பியையோ கிரீன் கார்டையோ பணயம் வைக்கும் நிலை வரக்கூடாது. சில சமயம் கிளெய்ம் போடாமலிருப்பதே சரியான முடிவு. அந்த முடிவையும் கெடு முடிவதற்குள், தெரிந்தே எடுக்க வேண்டும்.

ஆதாரம் திரட்டுவது

கடிதத்துக்காகக் காத்திருக்காமல் எடுத்த மறுநாளே தொடங்குங்கள். அரசு சுட்டிக்காட்டப் போவது என்னவென்று முன்கூட்டியே தெரியும்: பெரிய தொகை, ரப்பர் பேண்டு கட்டு, ஒளித்து வைத்த இடம், மோப்ப நாய் காட்டிய அடையாளம். புழக்கத்தில் உள்ள நோட்டுகள் பலவற்றில் கொக்கெய்ன் துகள் ஒட்டியிருக்கும் என்பதால் நாயின் அடையாளத்துக்கு எல்லா நீதிமன்றங்களும் ஒரே எடை கொடுப்பதில்லை. இவற்றுக்கு எதிராக நிற்பது தாள் ஆதாரம்.

வங்கியிலிருந்து எடுத்த பணமென்றால், எடுத்த நாளின் கணக்கறிக்கை. வங்கி கட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டையை எறியாதீர்கள். 100 டாலர் நோட்டு நூறு கொண்ட 10,000 டாலர் கட்டுக்குக் கடுகு நிறப் பட்டை, 20 டாலர் நோட்டு நூறு கொண்ட 2,000 டாலர் கட்டுக்கு ஊதா நிறப் பட்டை. அதில் வங்கி முத்திரையும் தேதியும் இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. சம்பளப் பணமென்றால் டபிள்யூ-2 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பளப் படிவம்), சம்பளச் சீட்டு, வரித்துறையிடம் வாங்கும் கணக்குப் பிரதி. கொண்டுவந்த பணமென்றால் விமான நிலையத்தில் கொடுத்த ஃபின்சென் 105 படிவத்தின் நகல். 10,000 டாலருக்கு மேல் எடுத்து வந்து அந்தப் படிவம் கொடுக்காதிருந்தால், அதுவே தனிப் பிரச்சினை. அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழாவில் வந்த பணத்துக்கு நம்மிடம் ஓர் அருமையான ஆதாரம் இருக்கிறது: மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை, தேதி எல்லாம் விழா அன்றே எழுதிய பதிவு. அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் சான்றுடன் வையுங்கள். அதில் உள்ள நாலைந்து பேரிடம் 'இவ்வளவு கொடுத்தேன்' என்று உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். விழாப் படங்கள், மண்டப ரசீது, அழைப்பிதழ் எல்லாம் சேரட்டும். இல்லாத மொய் நோட்டைப் பிறகு உட்கார்ந்து எழுதத் தோன்றினால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிய நோட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, பிறகு உண்மையான ஆதாரத்தையும் நம்ப மாட்டார்கள்.

கிளெய்ம் போட்ட பிறகு

இப்போது கடிகாரம் அரசுப் பக்கம் திரும்புகிறது. 90 நாளுக்குள் அவர்கள் சிவில் வழக்குப் போட வேண்டும், அல்லது இந்தப் பணத்தைக் குறிப்பிட்டுக் குற்றப்பத்திரிகை பெற வேண்டும், அல்லது திருப்பித் தர வேண்டும். நீதிமன்றம் நீட்டிப்புக் கொடுக்கலாம். 'இன்னும் 60 நாள் தருகிறீர்களா?' என்று அரசு வக்கீல் உங்களிடமே கேட்கவும் செய்யலாம். காரணமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். சிறிய தொகையாக இருந்தால், வழக்கு நடத்தும் செலவைப் பார்த்து இந்தக் கட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

வழக்குப் போட்டால், முன்பு துறைக்கு அனுப்பிய கிளெய்ம் போதாது. நீதிமன்றத்தில் புதிதாக ஒரு கிளெய்ம், அது தாக்கலான 21 நாளுக்குள் வழக்குரைக்குப் பதில் என்று இரண்டு தாள் போட வேண்டும். 'ஏற்கெனவே போட்டுவிட்டோமே' என்று இரண்டாவதை விட்டுவிட்டு, வாதமே இல்லாமல் தோற்றவர்கள் உண்டு. அடுத்து, உங்களுக்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு எழுத்துக் கேள்விகள் வரும். அதற்கும் 21 நாள்தான்.

விசாரணையில் நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. ஆனால் குற்ற வழக்கில் உள்ளதுபோல் சந்தேகத்துக்கு இடமின்றி அல்ல, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்கு நிரூபித்தால் போதும். அறைத் தோழர் செய்த குற்றத்துக்காக உங்கள் பணமும் போயிருந்தால் 'குற்றமறியா உரிமையாளர்' என்ற வாதம் உண்டு, அதை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. வாரன்ட் இல்லாத, சம்மதம் இல்லாத சோதனையென்றால் அதில் கிடைத்ததைச் சாட்சியமாக ஏற்கக்கூடாது என்று மனுச் செய்யலாம். வாசலில் 'சம்மதிக்கவில்லை' என்று சொன்ன வாக்கியம் இங்கேதான் வேலை செய்யும். குற்றத்தோடு ஒப்பிட்டால் எடுத்த தொகை மிக அதிகம் என்ற வாதமும் உண்டு. அந்த அரசியலமைப்புப் பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2019இல், இண்டியானாவின் டிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிவில் வழக்கு என்பதால் பொதுவாக அரசு செலவில் வக்கீல் கிடைக்காது. வழக்குக்கு உள்ளாவது நீங்கள் வாழும் வீடே என்றால் மட்டும் விலக்கு உண்டு, குற்ற வழக்கில் ஏற்கெனவே நியமித்த வக்கீலை இதிலும் தொடர நீதிமன்றம் அனுமதிப்பதும் உண்டு. வழக்கில் வென்றால் உங்கள் வக்கீல் கட்டணத்தை அரசு தர வேண்டும், வட்டியும் உண்டு. முதல் சந்திப்பிலேயே இந்த விதியைச் சொல்லி, கட்டணத்தை எப்படி அமைக்கலாம் என்று வக்கீலைக் கேளுங்கள்.

பாதியில் சமரசம் பேச வருவார்கள்: 'பாதி எங்களுக்கு, பாதி உங்களுக்கு'. கையெழுத்திடும் முன், வக்கீல் கட்டணம் கேட்கும் உரிமையை அந்தத் தாள் பறிக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பறிக்கும். திரும்பி வரும் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரிப் பாக்கி போன்ற கடன் இருந்தால், கருவூலம் அதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பலாம்.

அறிவிப்பே வராமல் எல்லாம் முடிந்துபோயிருந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அரசு உங்களுக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சி எடுக்கவில்லை, உரிய காலத்தில் வேறு வழியிலும் உங்களுக்குத் தெரியவரவில்லை என்று காட்டி, கடைசி அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் ஃபார்ஃபீச்சரை ரத்துசெய்யக் கோரலாம். பழைய குத்தகைப் பத்திரம், மின்கட்டண ரசீது, அஞ்சல் துறையின் முகவரி மாற்ற உறுதிக் கடிதம் ஆகியவைதான் அப்போது கேட்கப்படும். வீடு மாறும்போது அவற்றைக் குப்பையில் போடாதீர்கள்.